மணிக்கூட்டின் சிவப்புப் பாதி

எங்கள் கந்தோர்ச் சுவரில் ஒரு விளக்கு இருக்கிறது. பச்சை எரிந்தால் எல்லாம் சரி. சிவப்பு எரிந்தால், அதை எரிய வைத்தவர் அடுத்தநாள் எல்லோருக்கும் கேக் வாங்கி வர வேண்டும். நான் வேலை செய்வது நெதர்லாந்தில், உத்ரெக்ட் நகரத்தில், கால்வாயைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். வயதானவர்களின் வீட்டுக்குத் தாதி எத்தனை மணிக்கு வருவார் என்று ஒழுங்குசெய்யும் மென்பொருளை அங்கே எழுதுகிறோம். நாங்கள் ஒரு திருத்தம் எழுதி அனுப்பியதும் ஒரு சேர்வர் அதை எடுத்து, முழு மென்பொருளையும் புதிதாகக் கட்டி, நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தானாகவே ஓட்டிப் பார்க்கும். ஒரு சோதனை தவறினாலும் விளக்கு சிவக்கும், யாருடைய பெயர் என்று திரையில் விழும், எல்லோரும் கைதட்டுவார்கள். பிழை விட்டவனுக்கு எங்கள் ஊரில் ஏச்சு விழும். இங்கே அவனுக்குக் கைதட்டல். இந்தச் சடங்குக்குப் பழக எனக்கு வெகுநாள் எடுத்தது.

பழகிய பிறகுதான் வினை வந்தது. எங்கள் நிறுவனத்துக்கு ஆட்கள் போதாமல் போனபோது, மட்டக்களப்பில் ஒரு சிறு குழு இருக்கிறது, கெட்டிக்காரர்கள் என்று நான்தான் சொன்னேன். நகரத்தின் நடுவே, புளியந்தீவில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடி அறை. மூன்று பேர். குழுவை நடத்துபவள் கோசலா, என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். நான் சொன்னதை நம்பி, இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து இதைத் தொடங்கினாள். அங்கிருந்து இங்குள்ள சேர்வருக்கு எல்லாவற்றையும் அனுப்பி ஓட்டுவது ஆமை வேகமாக இருந்ததால், அந்த அறையிலேயே ஒரு கணினியைச் சேர்வராக வைத்துச் சோதனைகளை ஓட்ட அனுமதி கொடுத்தார்கள். முடிவு மட்டும் உத்ரெக்ட் விளக்கில் தெரியும். அந்த முடிவு அடிக்கடி சிவப்பாக இருந்தது. புளியந்தீவிலிருந்து கேக் கொண்டுவர முடியாதே. அதனால் அவர்களுக்காக நான் கொண்டுவரலாம் என்று யெரூன் சிரித்துக்கொண்டு சொன்னான். யெரூன்தான் எங்கள் குழுவில் மூத்தவன். விளக்கை வாங்கி மாட்டியவனும் அவன்தான். "உன்னுடைய ஆட்கள்தானே," என்றான்.

அன்றிலிருந்து மழையில், சைக்கிள் கூடைக்குள், பொலித்தீன் உறை போட்டு மூடிய, அப்பிள் தார்த் என்னும் இந்த ஊர்க் கேக்கை நான் சுமந்தேன். செய்யாத பிழைக்குக் கேக் சுமப்பவளின் முகம் எப்படி இருக்கும் என்று இங்கே யாரும் பார்க்கவில்லை. அதை வெட்டித் தின்னும்போது யெரூன் கேட்பான்: "அங்கே இன்றைக்கும் கரண்ட் போனதா?" இன்னொரு நாள்: "கடல் காற்றில் உப்பு, கணினிக்கு ஆகாது." இன்னொரு நாள் ஆறுதல் சொல்வதாக நினைத்து: "வெயிலில் கவனமாக வேலை செய்வது கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது." அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவன் சொன்னால் திருப்பிச் சொல்லலாம். இரக்கப்படுகிறவனை என்ன செய்வது? ஒவ்வொன்றையும் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். பொறுமையின் பெருமையை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பழிவாங்கினேன், அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சிவப்பு ஒரு விசித்திரமான சிவப்பு. கோசலாவின் ஆட்கள் காலையில் ஒரு திருத்தத்தை அனுப்புவார்கள், சிவப்பு. ஒரு எழுத்தும் மாற்றாமல் அதையே கொஞ்சம் கழித்து ஓட்டுவார்கள், பச்சை. இப்படி ஒருதரம் தேறி ஒருதரம் தவறும் சோதனையை இந்தத் தொழிலில் 'பிளேக்கி' என்பார்கள், நம்பத்தகாதது என்ற அர்த்தத்தில். தவறுவது எப்போதும் தாதியின் நேரம் சம்பந்தமான சோதனைகள்தான். உத்ரெக்ட் சேர்வரில் அவை ஒருநாளும் தவறியதில்லை. ஆகவே பிழை அந்தக் கணினியில், அந்த அறையில், அந்த ஆட்களில் என்று முடிவாயிற்று. கோசலா கணினியை மாற்றினாள். மின்சாரம் போனாலும் நிற்காதபடி பற்றரி வைத்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். நேரத்தைக் கணக்கிடும் பகுதியை எழுதியவன் யெரூன். அது பூட்டிய பெட்டியாகத்தான் அவர்களுக்குப் போகும், உள்ளே பார்க்க முடியாது. ஒவ்வொரு வாரக் கூட்டத்திலும் கோசலா திரையில் தோன்றி, ஆங்கிலத்தில், "சொறி, திரும்பவும் பார்க்கிறோம்" என்றாள்.

அவள் சொறி சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் சொறி சொல்லாத கோசலாவை எனக்குத் தெரியும்.

நான் செட்டிபாளையத்துக்காரி. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே, எழுவான்கரையில். கோசலா வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. தோணியில் வந்து எங்களோடு படித்தாள். நாங்கள் சிறுமிகளாக இருந்த காலத்தில் அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை முன்னே தள்ளி வைத்தது. எங்கள் கரை அரசாங்கத்தின் கையில் இருந்ததால் எங்களுக்குப் புது நேரம். அவர்களுடைய கரை அரசாங்கத்தை எதிர்த்துச் சண்டைபிடித்த இயக்கத்தின் கையில் இருந்தது, அங்கே பழைய நேரமே ஓடியது. இரண்டுக்கும் அரை மணி வித்தியாசம். ஒரே சூரியன், ஒரே தண்ணீர், நடுவில் அரை மணி. வீடுகளில் கலியாணத்துக்குச் சொல்ல வருகிறவர்கள் நேரத்தைச் சொல்லிவிட்டு, பழசா புதுசா என்பதையும் சொல்லிவிட்டுப் போவார்கள். சோதனைச் சாவடி திறப்பதும் தோணி வெளிக்கிடுவதும் ஆளுக்கொரு நேரத்தில் என்பதால் கோசலா எவ்வளவு ஓடினாலும் பிந்தித்தான் வருவாள். கணக்குப் படிப்பித்த சேர் அவளை வாசலில் நிறுத்தி வைப்பார். ஏன் பிந்தினாய் என்று கேட்டால், தலை குனியாமல் ஒரே பதில்தான்.

"எங்கட பக்கம் இன்னும் நேரமாகல்ல, சேர்."

அடி விழும். அடுத்தநாளும் அதே பதில். ஒருநாளும் அவள் மன்னிப்புக் கேட்டதில்லை. வருடங்கள் கழித்து அரசாங்கமே மனம் மாறி, முன்னே தள்ளிய மணிக்கூட்டைப் பின்னே இழுத்துப் பழைய நேரத்துக்கு வந்தது. கோசலாவின் நேரம்தான் சரியான நேரம் என்று ஆனது. அவளிடமும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம், எல்லோரும் ரொட்டிக்கு மேல் சொக்லட் தூளைத் தூவி அதையே மதியச் சாப்பாடு என்று தின்றுகொண்டிருந்தபோது, நான் யெரூன் புதிதாக அனுப்பிய திருத்தத்தைத் திறந்து பார்த்தேன். நேரச் சோதனைகளின் தலையில் அவன் ஒரு அடையாளம் ஒட்டியிருந்தான்: 'பட்டி பிளேக்கி'. மட்டக்களப்பின் ஆங்கிலப் பெயரான பட்டிக்கலோவாவைச் சுருக்கிப் பட்டி. அந்த ஊர்க் கணினியில் தவறினால் மூன்று தரம் திரும்ப ஓட்டு, அப்போதும் தவறினால் பொருட்படுத்தாதே என்று அர்த்தம். நம்பத்தகாதது என்பதற்கு என் ஊரின் பெயரை வைத்திருந்தான். நான் அவனிடம் போய்க் கேட்டேன்.

"இது ஒரு அடையாளம்தானே, வாசந்தி," என்றான். என் பெயர் வசந்தி. "தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளாதே. உன் ஆட்களுக்கு உதவியாகத்தான் செய்தேன். இனி நீ கேக் வாங்கத் தேவையில்லை."

எங்கள் மேலாளர் ஆன்யாவும் அதைப் பார்த்திருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் மட்டக்களப்புக் குழுவை வைத்திருப்பதா விடுவதா என்று பேச வேண்டும் என்று எல்லோருக்கும் எழுதினாள். நேர்மையாகப் பேசுவோம் என்றும் எழுதியிருந்தாள். இந்த நாட்டில் நேர்மை என்றால், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அதன்பிறகு கோப்பி குடிப்பது.

அன்றே கோசலாவை அழைத்தேன். மற்ற இரண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் சுவர் மணிக்கூடு தெரிந்தது. அதன் இடது பாதி முழுவதும், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை, சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. இது என்ன என்று கேட்டேன். கோசலா திரும்பிப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள்.

"அதக் கேளாத கா. அது எங்கட ராகு காலம்."

"என்ன ராகு காலம்?"

"பெரிய முள்ளு கீழ இறங்கக்குள்ள அனுப்பினா பச்சை வருது. மேல ஏறக்குள்ள அனுப்பினா சிவப்பு. ஏனெண்டு தெரியா. எத்தினையோ நாள் பாத்திட்டம், அப்பிடித்தான் நடக்குது. மறுகா என்ன செய்யிற? பொடியனுகள் தாள ஒட்டிட்டானுகள். முள்ளு சிவப்புக்குள்ள நிண்டா ஒத்தரும் அனுப்புறல்ல. மறந்து அனுப்பினாத்தான் உங்களுக்குச் சிவப்பு."

"இத ஏன் முதலே சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்லுற? நல்ல நேரம் பாத்துத்தான் வேல செய்யிற எண்டு வெள்ளக்காரனுக்குச் சொல்லச் சொல்றியா? விசரிகள் எண்டு நினைப்பான்."

மட்டக்களப்பாரைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு பிழையோடு குடித்தனம் நடத்தியிருக்க மாட்டார்கள். நான் சிரிக்கத் தொடங்கினேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. மணியின் ஒரு பாதி நல்லது, மறு பாதி கெட்டது. அரை மணி. எனக்கு வாசலில் நின்ற கோசலா ஞாபகத்துக்கு வந்தாள்.

அழைப்பை முடித்துவிட்டு யெரூனின் நேரப் பகுதியைத் திறந்தேன். தேடவே தேவையிருக்கவில்லை. உலகப் பொது நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதை முழு எண்ணாக்கும் ஒரு வரி. நெதர்லாந்துக்கு அது எப்போதும் முழு மணி, ஒன்றும் ஆகாது. இலங்கைக்கு ஐந்தரை. யெரூன் அதை ஆறாக்கியிருந்தான். அதனால் புளியந்தீவுக் கணினியில் எல்லா நேரமும் அரை மணி முன்னே ஓடும். சோதனைகள் மணியை மட்டுமே ஒப்பிடுவதால், மணியின் முதல் பாதியில் அது தெரியாது. இரண்டாம் பாதியில் அடுத்த மணிக்குள் விழுந்துவிடும், சோதனை தவறும். ஒரு நாட்டுக்கு அரை மணி இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் அரசாங்கம் முன்பு எங்களுக்குச் செய்ததை, அவன் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு திரும்பவும் செய்திருந்தான்.

அந்த வரியை நான் அப்போதே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. பதிலாக, உத்ரெக்ட் சேர்வரின் நேரத்தை மட்டக்களப்பு நேரத்துக்கு மாற்றும் ஒரு திருத்தத்தை எழுதினேன். 'எல்லாச் சேர்வர்களையும் ஒரே நேரத்தில் வைத்தல்' என்று தலைப்பிட்டு, எந்த நேரம் என்பதையும் கீழே தெளிவாக எழுதினேன். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. யாராவது ஒருவர் பார்த்துச் சம்மதித்தால்தான் அது, திங்கட்கிழமை காலையில், நடைமுறைக்கு வரும். யெரூனுக்கு அனுப்பினேன். நான் எழுதுவதை அவன் வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். கட்டைவிரல் படத்தோடு சம்மதம் வந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது மழை பெய்தது, எனக்கு அது மழையாகவே படவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் யெரூன் திரையில் சிவப்புப் புள்ளிகளைக் காட்டினான். எல்லாம் புளியந்தீவு. "நம் சேர்வரில் இதே சோதனைகள் எப்போதும் பச்சை. இப்போதே ஓட்டிக் காட்டுகிறேன்," என்றான். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பெரிய முள் ஏறிக்கொண்டிருந்தது; அந்த அரை மணியால் புளியந்தீவில் அது இன்னும் பச்சைப் பாதியில் இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் என்று கை தூக்கினேன். இங்கே கூட்டத்தில் ஒருவர் கருத்துச் சொன்னால் எல்லோரும் கருத்துச் சொல்லியே ஆகவேண்டும். நான் தேவையில்லாத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். வட்டமாக இருந்த எல்லோரும் முறை வைத்துக் கருத்துச் சொன்னார்கள். கடைசி ஆள் முடிக்கும்போது இங்கே முள் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது, அங்கே அது சிவப்புப் பாதிக்குள் நுழைந்திருந்தது.

"இப்போது ஓட்டு," என்றேன்.

ஓட்டினான். விளக்கு சிவந்தது, திரையில் யெரூனின் பெயர் விழுந்தது. அவன் திரும்ப ஓட்டினான். சிவப்பு. மறுபடியும் சிவப்பு.

"இங்கே கரண்ட் போனதா?" என்று கேட்டேன். "கால்வாய்க் காற்று, கணினிக்கு ஆகாது. மழையில் கவனமாக வேலை செய்வது கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது." மனதுக்குள் வைத்திருந்த ஒவ்வொன்றையும் எடுத்து மேசையில் வைத்தேன். அவ்வளவு இனிப்பான பேச்சை என் வாழ்நாளில் நான் பேசியதில்லை. பிறகு அந்த ஒரு வரியைத் திரையில் காட்டி, ஐந்தரை எப்படி ஆறானது என்று விளக்கினேன்.

யெரூன் திரையைப் பார்த்தான். குனிந்து, இன்னும் கிட்டப்போய்ப் பார்த்தான். அவன் முகம் சுருங்கப் போகிறது என்று காத்திருந்தேன். அது மலர்ந்தது.

"மோய்!" என்றான். டச்சில் 'அழகு' என்று பொருள். "அரை மணி! எனக்குத் தெரியவே தெரியாது. எவ்வளவு அழகான பிழை!" எல்லோரும் கைதட்டினார்கள். ஆன்யா பெருமூச்சு விட்டாள். "அப்படியென்றால் யாருடைய பிழையும் இல்லை. நல்லது. அவர்களையே தொடர்ந்து வைத்திருப்போம்." எங்களுடையதாக இருந்தபோது அது ஆட்களின் பிழை, யெரூனுடையதாக ஆனதும் அது யாருடைய பிழையும் இல்லை. ஒப்பந்தம் பிழைத்தது என்ற நிம்மதியையும் மீறி எனக்குப் பற்றி எரிந்தது. வெட்கப்படத் தெரியாதவனை எங்கே அடிப்பது?

கோசலாவிடம் சொன்னபோது துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பின்னால் மணிக்கூட்டின் சிவப்புப் பாதியில் முள் ஏறிக்கொண்டிருந்தது.

"அப்ப, நான் சொன்ன சொறியெல்லாம்?" என்றாள். "அத ஆரு திருப்பித் தாற?"

நான் யெரூனிடம் போனேன். கேக் எங்கே என்று கேட்டேன். நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்றான். "இங்கே இல்லை, புளியந்தீவுக்கு," என்றேன். "உன் பிழைக்கு விளக்கில் சிவந்தது அவர்களுடைய பெயர்." அவனுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. அங்குள்ள ஒரு பேக்கரியின் இலக்கத்தைக் கொடுத்தேன். அவனே அழைத்து, அவனே பேசி, கூட்டம் நடக்கும் வேளைக்கு மேல்மாடிக்குக் கேக் வந்து சேரும்படி ஒழுங்குசெய்தான். எல்லோரும் சேர்ந்து வெட்டுவதைத் திரையில் பார்க்கலாம் என்று ஆன்யாவையும் கூப்பிட்டான்.

திரை திறந்தது. கோசலாவும் மற்ற இருவரும் சுத்தமான உடுப்போடு மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். மேசையில் ஒரு கத்தி, நாலு தட்டு. கேக் இல்லை.

"இன்னும் வரவில்லையா?" என்றான் யெரூன். "இந்த நேரத்துக்குத்தானே சொன்னேன்." கைத்தொலைபேசியைப் பார்த்தான். விரல் மடித்து எண்ணினான். உத்ரெக்டுக்கும் மட்டக்களப்புக்கும் கோடையில் மூன்றரை மணி வித்தியாசம். யெரூன் விரலில் நாலு என்று எண்ணுவதை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கோசலாவும் பார்த்தாள். அவள் கமராவை நேராகப் பார்த்து, தலை குனியாமல், தமிழில் சொன்னாள்.

"எங்கட பக்கம் இன்னும் நேரமாகல்ல, சேர்."

"என்ன சொல்கிறாள்?" என்று யெரூன் என்னைக் கேட்டான்.

"கேக் வருகிறதாம்," என்றேன்.

அதன்பிறகு புளியந்தீவில் ஒருவரும் பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். யெரூன் வெயிலைப் பற்றிக் கேட்டான். கோசலா தலையசைத்தாள். வாவியைப் பற்றிக் கேட்டான். தலையசைத்தாள். எழுந்து போகவும் வழியில்லை, அழைத்தவன் அவன். ஆன்யா தன் கோப்பியைக் கலக்கினாள், குடித்து முடித்தாள், வெறும் கோப்பையைக் கலக்கினாள். தான் தூக்கி எறிந்த அந்த அரை மணிக்குள் யெரூன் நிமிடம் நிமிடமாக உட்கார்ந்திருந்தான். பாதியில் எங்கோ அவனுக்கு விளங்கியது. விரலைத் திரும்ப மடித்தான், மூன்று, பிறகு பாதி. கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. இந்தத் தரம் அவன் 'மோய்' என்று சொல்லவில்லை.

"சொறி," என்றான். "கோசலா, சொறி."

"ஒண்டு," என்றாள் கோசலா என்னைப் பார்த்து.

கதவு தட்டப்பட்டது. கேக் வந்தது, ரோசா நிற ஐசிங்கோடு. கோசலா வெட்டினாள். நாலு தட்டு ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று பேரும் ஆளுக்கொரு தட்டை எடுத்தார்கள். நாலாவதை அவள் பக்கத்து வெறுங்கதிரையில் வைத்தாள். "இது உன்ட," என்றாள். "வரக்குள்ள வா. இல்லாட்டி எறும்பு தின்னும்."

யெரூன் அடுத்த நாளே அந்த வரியைத் திருத்தினான், 'பட்டி பிளேக்கி'யைத் தன் கையாலேயே அழித்தான். இப்போது எந்தச் சேர்வர் எந்த நேரத்தில் இருந்தாலும் பச்சைதான். அதனால் உத்ரெக்ட் சேர்வரின் நேரத்தைத் திரும்ப மாற்றும்படி யாரும் கேட்கவில்லை, நானும் மாற்றவில்லை. எங்கள் மூன்றாம் மாடியில் அது இன்னும் மட்டக்களப்பு நேரத்தில் ஓடுகிறது. அதன் பதிவுகளில் உள்ள நேரத்தை வாசிக்க யெரூன் ஒவ்வொரு நாளும் மூன்றரையைக் கழிக்கிறான். நானும்தான் கழிக்கிறேன். காலையில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, நனைந்த கோட்டோடு வந்து திரையைத் திறந்தால், அங்கே சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும். இங்கே என் மேசையில் கேக் இல்லை, அங்கே என் கதிரையில் நான் இல்லை. எறும்பு வந்துவிட்டதா என்று கோசலாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.